‘நூறு சதவீதத் தேர்ச்சி’ ஃபிளெக்ஸை நம்பி மகளை நர்சிங் சேர்த்த கதை

பெண்ணை நர்சிங் சேர்க்க அட்வான்ஸோடு கிளம்பியிருப்பவர்கள் ஒரு பத்து நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம்தான் யோசித்தேன்.

2022-ல் என் மகளுக்குக் கவுன்சிலிங்கில் அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. எங்கள் ஊர் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்தார். “அண்ணே, அங்க நூறு பர்சென்ட் பாஸு. நாலு வருஷத்துல பாப்பா ஃபாரின்ல இருக்கும்” என்றார். பெயர் சொல்ல விரும்பாத அந்தக் கல்லூரியின் வாசலிலும் அதையே பெரிய ஃபிளெக்ஸில் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகப் பாஸான பிள்ளைகளின் படங்கள். பெருமையாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் பி.எஸ்சி. நர்சிங்குக்குப் பணம் கட்டினேன். மார்க் ஷீட், டி.சி. எல்லாம் ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் வருடம் ஹாஸ்டலில் அவளைப் பார்க்கப் போனபோது எட்டுக் கட்டில் அறையில் மூன்று கட்டில் காலி. ஒரு பீரோ கதவில் மார்க்கரில் எழுதிய பெயர் அப்படியே இருந்தது. “அவ டிஸ்கன்டினியூ பண்ணிட்டாப்பா” என்றாள் மகள். வெளியே வந்து அதே ஃபிளெக்ஸை மறுபடி பார்த்தேன். இந்த முறை எண்ணினேன். 27 படங்கள். அந்த பேட்சில் சேர்ந்தது 60 பேர்.

ஆபீஸில் கேட்டேன். “எழுதுன எல்லாரும் பாஸ் சார்” என்றார் கிளார்க். அதுதான் அந்த நூறு சதவீதம். பாதியில் போனவர்களும் அரியரில் நின்றவர்களும் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

ஏன் போகிறார்கள் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் முதல் செமஸ்டர் அனாட்டமியிலேயே தடுமாறுகிறார்கள். சொல்லித்தர ஆள் இல்லை. இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் புதுப்புது மேடங்கள் வருவார்களாம். மூன்று நோயாளிக்கு ஒரு மாணவி என்பது நர்சிங் கவுன்சில் விதி. இங்கே சொந்த ஆஸ்பத்திரி என்று காட்டிய கட்டடத்தில் வார்டு பூட்டிக் கிடந்தது. வேனில் டவுனுக்குக் கூட்டிப்போய், ஒரு பாட்டியின் கையில் பதினைந்து பேர் மாறி மாறி பிபி பார்த்திருக்கிறார்கள். பாவம் அந்தப் பாட்டி.

என் மகளுக்கு டெங்கு வந்து போஸ்டிங், அதாவது வார்டில் பயிற்சி எடுக்கும் நாட்கள் விட்டுப்போயின. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும், பட்டம் வாங்குவதற்குள் போஸ்டிங் நாட்களை முழுசாக முடித்திருக்க வேண்டும். நியாயமான விதிதான், ஊசி போடப் போகிறவர்கள் இல்லையா. ஆனால் அந்த நாட்களை ஈடுகட்ட அவளை வார்டுக்கு அனுப்பவில்லை. ரசீது இல்லாமல் பணம் கேட்டார்கள், செய்த பயிற்சியைப் பதியும் லாக் புக்கை, செய்யாமலே ‘ஃபில் பண்ணிக்க’ச் சொன்னார்கள். அவள் அன்றைக்கே “நான் வந்துடறேன்பா” என்றாள்.

ஒரிஜினலைக் கேட்டதும் மீதி இரண்டு வருட ஃபீஸையும் கட்டச் சொன்னார்கள். இந்த இடத்தில் பயந்துவிடாதீர்கள். சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. ஃபீஸ் பாக்கிக்காகச் சான்றிதழை அடமானம் மாதிரி வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் எழுதி, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தேன், பல்கலைக்கழகத்துக்கும் ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். ஆறு வாரம் இழுத்தடித்துத் தந்தார்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டின் மூலையில் ஸ்டேப்ளர் துரு. கட்டிய பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ஏஜென்ட் இப்போது என் போனை எடுப்பதில்லை.

மகள் இப்போது வேறு ஊரில் ஜி.என்.எம். என்கிற மூன்று வருட நர்சிங் டிப்ளமோ படிக்கிறாள். அங்கே தேர்ச்சி சதவீதத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. “மூணு வருஷம் முன்னாடி எத்தனை பேர் சேர்ந்தாங்க, அதுல எத்தனை பேர் இந்த வருஷம் முடிச்சாங்க மேடம்?” என்று மட்டும் கேட்டேன். பிரின்சிபால் ரிஜிஸ்டரை எடுத்து மேஜையில் விரித்தார். நாற்பதில் முப்பத்தாறு. மீதி நாலு பேரில் இரண்டு பேருக்குக் கல்யாணம், ஒரு பெண்ணுக்கு அப்பா தவறிவிட்டார், ஒருத்திக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம்.