வண்டியை முழுசா நம்பி ஒப்படைக்காதீங்க: 1,80,000 போச்சு

1,80,000. மொத்தமா போச்சு. கோபம் தணியறதுக்குள்ள எழுதிடறேன், இல்லைன்னா "போனது போகட்டும்"னு நானே சமாதானம் ஆயிடுவேன். பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை மலைக்குத் தயார் பண்ண நினைக்கிறவங்க படிங்க. என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

கடை பேர் வேண்டாம். பழைய ஃபோர் வீல் வண்டிகளை மட்டும் எடுத்துச் செய்யிற ஒர்க்‌ஷாப், வீடியோ போட்டே பேர் வாங்கினது. அவ்வளவு போதும்.

எப்படி நம்பினேன் தெரியுமா? வண்டியைப் பார்த்ததும் அந்த ஆள் காசு பேசல. நேரா கீழே படுத்து, முன் டிஃபரன்ஷியல் (ரெண்டு முன் சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் குடுக்கிற கியர் பெட்டி) ட்ரெயின் போல்ட்டைக் கழட்டி, வந்த ஆயிலை விரல்ல தொட்டு என் முன்னாடி நீட்டினார். பால் மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. "தண்ணி இறங்கியிருக்கு சார். இதோட மலை ஏறினா பேரிங் போயிடும். முதல்ல இது, அப்புறம் பிரேக். அலங்காரமெல்லாம் கடைசி." லிஃப்ட் கிட், லைட் பார்னு தலையில கட்டாம உள்ளே இருக்கிறதைப் பேசுற ஆள் கிடைச்சுட்டார்னு சந்தோஷப்பட்டேன். சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதுதான் வயித்தெரிச்சல். எல்லாம் தெரிஞ்சே செய்யாம விட்டிருக்கான்.

பிரேக் முழு ஓவர்ஹால், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்கு அனுப்புற பெட்டி), ஆக்சில் சீல், நாலு புது டயர். 1,80,000, அத்தனையும் முன்பணம். "சாமான் எடுக்கணும் சார்."

முதல் மலை இறக்கம். லோ ரேஞ்ச்ல (மெதுவா, அதிக இழுவையோட போற கியர்) போட்டு இன்ஜின் பிரேக்ல இறங்கிட்டிருக்கேன், டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் தானா நியூட்ரலுக்குத் துள்ளிடுச்சு. அது நியூட்ரலுக்குப் போனா வண்டி கியர்ல இருந்தும் பிரயோஜனமில்ல, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. ஓடுற வண்டியில மறுபடி விழவும் மாட்டேங்குது. மொத்த எடையும் பிரேக் மேல. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள்ள பெடல் தொளதொளன்னு ஆகி தரையைத் தொட்டுடுச்சு. மலைப்பக்க மண்மேட்டுல உரசித்தான் நிறுத்தினேன். பக்கத்து சீட்ல என் மனைவி.

வேற மெக்கானிக் பிரிச்சுப் பார்த்தார். பழைய பிரேக் ஃப்ளூயிடை வெளியேத்தத் திறக்கிற பிளீடர் நிப்பிள் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு, சூடு காட்டித்தான் திறக்க முடிஞ்சுது. உள்ளே ஃப்ளூயிட் கறுப்பு. பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-ங்கிற வகை ஃப்ளூயிட் புதுசா இருக்கிறப்போ கொதிக்கக் குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வேணும், ஈரம் ஏறினா அது 155 வரைக்கும் இறங்கிடலாம். கொதிச்சா பைப்ல ஆவி, பெடல் காலி. சக்கரத்துல பிரேக்கை அழுத்துற வீல் சிலிண்டருக்கு வெளியே பளபளன்னு பெயிண்ட், உள்ளே அதே பழைய ரப்பர். 'புது' டயர்ல தேதி இருக்கிற பக்கத்தை வேணும்னே உள்பக்கமா திருப்பி மாட்டியிருக்கான். நாலு இலக்கம்: 3114. அதாவது 2014, 31வது வாரம்.

போன் பண்ணினேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார், ஓட ஓட செட் ஆயிடும்." அப்புறம், "மலையில ஓட்டத் தெரியணும் சார்." எனக்கு! அடுத்த தடவை ஓனர் வெளியூர்ல. அதுக்கடுத்து போனை எடுத்த பையன், "அண்ணே, நான் புதுசா சேர்ந்தவன்ணே"ங்கறான். பில்லைக் காட்டுங்கன்னாங்க. பில்லுல ஒரே வரி: 'லேபர், மெட்டீரியல், 1,80,000'. இப்போ என் நம்பரை பிளாக் பண்ணியாச்சு. வீடியோ மட்டும் தவறாம வருது, அதுல "பாதுகாப்புதான் முக்கியம் நண்பர்களே"ன்னு பேச்சு வேற.

விவரமா எழுதற பொறுமை போயிடுச்சு. முழுப்பணம் முன்னாடி தராதீங்க. கழட்டின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்க. பில்லுல ஒவ்வொண்ணும் தனித்தனியா இருக்கணும். பிரேக் ஃப்ளூயிட் மாத்தறப்போ பக்கத்துலயே நில்லுங்க. லோ ரேஞ்ச் லீவரைச் சின்ன இறக்கத்துல ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்க, துள்ளினா வண்டியை எடுக்காதீங்க. அந்த மாதிரி ஒர்க்‌ஷாப்ல ஏற்கனவே வண்டி விட்டவங்க இன்னைக்கே குனிஞ்சு டயரோட உள்பக்கத்தைப் பாருங்க.