220 டாலர் போச்சு: க்வில்ட்டை லாங்ஆர்மில் பேஸ்டிங் செய்யக் கொடுக்கும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு கையால் க்வில்ட் (அடுக்குத் துணிப் போர்வை) தைக்கிறவர்களுக்காக இது. பேஸ்டிங்குக்குக் கொடுத்த என் க்வில்ட் பார்சலில் திரும்பி வந்து ஆறு நாள் ஆகிறது, கோபம் ஆறவில்லை. எதையெல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

மேல்துணி, பேட்டிங் (கிரிக்கெட் இல்லை, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு), பின்துணி மூன்றும் நகராமல் பிடித்து வைக்கும் தற்காலிகத் தையல்தான் பேஸ்டிங். மூன்றையும் சேர்த்து நிரந்தரமாகத் தைக்கும் க்வில்ட்டிங் முடிந்ததும் அதைப் பிரித்துவிடுவோம். தரையில் மண்டியிட்டு 80-க்கு 90 அங்குலத்தைக் கோர்க்க முட்டி ஒத்துழைக்காதவர்கள் லாங்ஆர்ம் (துணியை ஃப்ரேமில் மாட்டித் தைக்கும் பெரிய க்வில்ட்டிங் மெஷின்) வைத்திருப்பவர்களிடம் கொடுப்பது வழக்கம்.

கைவேலைக்காரர்களைப் பிடித்துத் தரும் ஒரு இணையச் சந்தையில் கிடைத்த ஆள் இவர். சதுர அங்குலத்துக்கு 2 சென்ட், 7,200 சதுர அங்குலத்துக்கு 144 டாலர். பேட்டிங் 36, போக வர அஞ்சல் 40. மொத்தம் 220. கையால் க்வில்ட் செய்யப் போகிறேன், நீளத் தையல் வேண்டும், ஓரத்தை வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்: "கவலையே வேண்டாம், எங்களுடையது கம்ப்யூட்டர் மெஷின், எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்." கூடவே திரையோடு மெஷினின் படம். அந்த ஒரு வரியில்தான் விழுந்தேன்.

கம்ப்யூட்டர் என்ன பார்க்கும்? நாம் குறித்துக் கொடுத்த எல்லைக்குள் மெஷின் தலையை இப்படியும் அப்படியும் நகர்த்தும், தையல் நீளத்தைச் சீராக வைக்கும். துணி சுருங்கி நிற்பதோ மடிந்து கிடப்பதோ அதற்குத் தெரியாது. பின்துணியின் நடுவை லீடர் துணியின் (ஃப்ரேம் உருளையோடு இணைந்திருக்கும் துணி) நடுவோடு சேர்த்துக் குண்டூசி குத்துவது, பக்கவாட்டு கிளாம்ப் மாட்டுவது, ஒவ்வொரு முறை உருளையைச் சுற்றும்போதும் கிளாம்ப்பைக் கழற்றி, சுற்றி, மறுபடி மாட்டி, மேல்துணியை நீவிவிட்டு, இடத்தைப் புதிதாகக் குறிப்பது எல்லாமே கைவேலை. 90 அங்குல நீளத்துக்கு இதை ஐந்தாறு தடவையாவது செய்தாக வேண்டும்.

முதல் கேடு, பின்துணியை மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டியது. ஃப்ரேமில் இருக்கும்வரை பார்க்க அழகாகத்தான் இருக்கும். கழற்றியதும் இழுபட்ட பருத்தி பழைய அளவுக்குத் திரும்பும். இழுக்காமல் மேலே பரப்பிய துணி திரும்ப எங்கே போகும்? தையல் வரிகளுக்கு நடுவே கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி நிற்கிறது. அடியிலிருந்து விரலால் அழுத்தினால், மேலிருந்து அந்த விரல் நுனியைப் பிடிக்க முடிய வேண்டும். இழுவை அவ்வளவுதான் இருக்கலாம்.

இரண்டாவது, தையல் நீளம். பல மெஷின்களில் பேஸ்டிங்குக்கென்றே அரை அங்குலத்திலிருந்து நான்கு அங்குலம்வரை நீளம் வைக்க முடியும். இவர் சாதாரண க்வில்ட்டிங் அளவிலேயே, அங்குலத்துக்கு 10 தையல், ஓட்டிவிட்டார். நான்கு அங்குல இடைவெளியில் 22 வரி, வரிக்கு 80 அங்குலம். அங்குலத்துக்கு ஒன்று போட்டிருந்தால் 1,760 தையல். இப்போது பிரிக்க வேண்டியது 17,600. அதுவும் கீழ் நூலை இறுக்கித் தைத்திருக்கிறார்.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். மெஷினில் மாட்டுவதற்காகவே நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விட்டு, 88-க்கு 98 பின்துணி அனுப்பியிருந்தேன். அதை ஓரத்தோடு ஓரமாகக் கத்தரித்து அனுப்பியிருக்கிறார், "ஃபினிஷிங் நன்றாக இருக்கும்" என்று ஒரு சீட்டு வேறு. வளையத்தில் மாட்டிக் கையால் தைக்க ஓரத்தில் அந்தத் துணி வேண்டும். இப்போது பிரித்து வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றாலும் லீடரில் குத்தத் துணி இல்லை. 220 டாலரோடு பின்துணியும் போயிற்று.

கேட்டதற்கு முதல் பதில்: "பேட்டிங் சுருங்கியிருக்கும்." தண்ணீரே படாதது எப்படிச் சுருங்கும்? அடுத்து: "உங்கள் மேல்துணி சதுரமாக இல்லை." இரு ஓரத்திலும் நடுவிலும் அளந்து, மூன்றும் 80 என்று படமெடுத்துத்தான் அனுப்பினேன். படத்தைத் திருப்பி அனுப்பியதும் பேச்சே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால், "சொல்லிச் செய்யும் வேலைக்குப் பணம் திரும்பாது", வேண்டுமானால் அடுத்த ஆர்டரில் 20 டாலர் தள்ளுபடியாம். 220-ஐத் தொலைத்தவளுக்கு 20!

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. தையல் நீளம், வரி இடைவெளி, "ஓரம் வெட்டக் கூடாது" மூன்றையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள், தனிச் செய்தியில் சொன்னதைச் சந்தை கணக்கில் எடுக்காது. ஃப்ரேமிலிருந்து கழற்றித் தரையில் பரப்பிய பேஸ்டிங்கின் படம் கேளுங்கள், மெஷினின் படம் வேண்டாம். முதலில் தொட்டில் அளவில் ஒன்று கொடுத்துப் பாருங்கள்.

ஆறு நாளில் நான்கு வரி பிரித்தாயிற்று, இன்னும் 18 இருக்கிறது.