இன்னும் ஓடும் ஸ்பெக்ட்ரம் 48

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982-ல் வந்த கணினி. அப்பா அதைப் பழையதாக வாங்கி வந்தபோது நானும் அண்ணனும் பள்ளிப் பிள்ளைகள். இன்றும் அது என்னிடம் ஓடுகிற நிலையில் இருக்கிறது. இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பவர் சுவிட்ச் கிடையாது. வயரைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். செருகிய ஓரிரு நொடிகளில், நிரல் எழுதுவதற்கான பேசிக் மொழி தயாராக நிற்கும். 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இசட்80 செயலி, 48 கேபி ராம் நினைவகம். போனில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட இதற்குள் திணிக்க முடியாது. கீபோர்டில் நாற்பது ரப்பர் பொத்தான்கள்தான். வரியின் தொடக்கத்தில் 'பி'யைத் தட்டினால் எழுத்து வராது, 'பிரிண்ட்' என்ற முழுக் கட்டளையே வந்து விழும். பழகிவிட்டால் வேகம்தான், ஆனால் அந்த ரப்பரின் தொடுகை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

விளையாட்டுகள் கேசட்டில் ஒலியாகப் பதிந்திருக்கும், அங்கிருந்து ஏற்றுவதுதான் பெரிய வேலை. முதலில் ஒரே சுருதியில் நீளமாக ஒரு ஒலி வரும். திரையின் விளிம்பில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் நகரும். அப்புறம் கிறீச்சென்ற இரைச்சலோடு நீலமும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள். அதுதான் தரவு, நொடிக்குச் சராசரியாக 1500 பிட். முழு நினைவகமும் நிறைய நாலைந்து நிமிடம் ஆகும். வால்யூமைத் திருகுவது அண்ணன் வேலை, கோடுகளைக் கவனிப்பது என் வேலை. சுருதி மங்கலாகக் கேட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். சின்ன ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் திருப்பினால் ஒலி கூர்மையாகும். முகப்புப் படமும் மேலிருந்து கீழே ஒழுங்காக வராது. திரையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் எட்டு வரிக்கு ஒரு வரியாக நிரப்பிக்கொண்டே போகும். எல்லாம் முடிந்த பிறகு கடைசி 768 பைட்டில் வண்ணம் வந்து பூசிக்கொள்ளும். நினைவகம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, பார்த்தே தெரிந்துகொண்டோம்.

தவறினாலும் அப்படித்தான், எதையும் மறைக்காமல் காட்டும். பேசிக் நிரலில் பிழை இருந்தால், எந்த வரி, அந்த வரியில் எத்தனையாவது கட்டளை என்பதோடு காரணத்தையும் சொல்லிவிடும். இப்போது என் போன், 'ஏதோ தவறு நடந்துவிட்டது, பிறகு முயலவும்' என்கிறது. என்ன தவறு, எங்கே, பிறகு என்றால் எப்போது? வேகம், படம், சேமிப்பு, இணையம் என எல்லாவற்றிலும் இன்றைய கருவி எங்கோ போய்விட்டது, அதில் எனக்குச் சண்டையில்லை. தன் கோளாறை நம்மிடம் மறைக்கிறதே, அதுதான் எரிச்சல்.

குறை இல்லாமல் இல்லை. எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டே வண்ணம்தான் இருக்க முடியும். அதனால் நாயகன் மரத்தைக் கடக்கும்போது பாதி ஆள் பச்சையாகிவிடுவான். ஒலியைப் பற்றிப் பேசாமல் விடுவதே மரியாதை.

இன்று இதை ஓட்டுவதற்குக் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். பழைய ஆன்டெனா இணைப்பு புது டிவிகளில் சரிப்படாது. டிவியின் வீடியோ துளைக்குப் போகும் காம்போசிட் வீடியோவை நேராக எடுக்கும்படி மாற்றிக்கொண்டேன். கேசட் பிளேயருக்குப் பதில் போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஒலியை அனுப்புகிறேன், அருமையாக ஏறுகிறது. இந்தக் கணினி போல் பலவற்றை ஒரே நேரத்தில் பாவனை செய்யக்கூடிய போன், அதற்கு டேப் ரெக்கார்டராக வேலை பார்க்கிறது!

முக்கியமான எச்சரிக்கை: இதன் அடாப்டர் 9 வோல்ட், நடுமுனை மைனஸ். கையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை பிளஸ். அதைச் செருகினால் கதை முடிந்தது. நெடுநாள் கிடந்த பெட்டி என்றால் மின்தேக்கிகளை மாற்றிவிட்டு, உள்ளே 5, 12, மைனஸ் 5 என மூன்று வோல்டேஜும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று தவறினாலும் கீழ் 16 கேபி ராம் சிப்புகள் போய்விடக்கூடும்.

விளையாட மட்டும் ஆசையென்றால், இதைப் பாவனை செய்யும் மென்பொருளான எமுலேட்டரே போதும். திறந்து பார்க்கவும் நோண்டவும் ஆசை உள்ளவர்கள் நிஜப் பெட்டியை வாங்கலாம். கீபோர்டுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் வயதானால் நொறுங்கும். அதை மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றவில்லை என்றாலும் பரவாயில்லை, புதிய தாள்கள் இன்றும் தயாரித்து விற்கிறார்கள்.