காதர்பேட்டையில் கைக்குழந்தைத் துணி: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் காதர்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். பனியன், ஜட்டி, டி-சர்ட் எல்லாம் கட்டுக் கட்டாகப் போகும் மொத்தச் சந்தை அது. அதற்குள்ளேயே பிறந்த குழந்தை முதல் ஒரு வயதுவரை போடும் ஜப்லா, ராம்பர், பாடிசூட், நைட் சூட் விற்கும் கடைகளும் இருக்கின்றன. சில கடைகளில் டஜனாகத்தான் தருவார்கள், சிலர் ஒற்றைப் பீஸும் கொடுப்பார்கள். உள்ளே போனதும் முதலில் இதைக் கேட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டபின் கேட்டால் கடைக்காரருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

எங்கள் கருத்து: முதல் வருஷத் துணிக்குக் கோவை, ஈரோடு பக்கம் இருப்பவர்கள் பெரிய ஷோரூமைவிட இங்கே வருவதே லாபம். விலை குறைவு என்பது மட்டும் காரணமில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும் கழித்ததும் இங்கே வருகின்றன. வெளிநாட்டு வாங்குபவர் கழித்த காரணங்களில் பாதி, குழந்தைக்கு ஒரு பொருட்டே அல்ல. அதே சமயம், செக்கிங்கில் தேறி வந்த துணியிலும் குழந்தைக்கு ஆகாதது இருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

கழித்ததில் தாராளமாக எடுக்கக் கூடியவை: கையும் உடம்பும் ஷேடு மாறியது, பிரிண்ட் அரை சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது, சைஸ் லேபிள் மாற்றித் தைத்தது, துணியில் நெடுக ஓடும் மெல்லிய ஊசிக்கோடு. எதுவும் உடம்பை உறுத்தாது. விட்டுவிட வேண்டியவை: ஒரு கண்ணி நழுவிய இடம், குண்டூசி முனை அளவு ஓட்டை. நிட் துணியில், அதாவது பின்னல் துணியில், அது நாலு சலவையில் விரல் போகும் அளவுக்கு ஓடிவிடும். குழந்தையின் விரல்தான் முதலில் அதில் போய் மாட்டும்.

எந்தப் பீஸையும் முதலில் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெளிப்பக்கம் பார்த்துத் துணி எடுப்பது பெரியவர்களுக்குச் சரி. குழந்தைக்கு உள்பக்கம்தான் துணி. ஓவர்லாக் தையல் தட்டையாக இருக்கிறதா, கழுத்துக்குப் பின்னால் லேபிள் உறுத்துகிறதா, எம்பிராய்டரிக்குப் பின்னால் ஒட்டிய பேப்பர் முரட்டுத்தனமாக நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கையுறை, சாக்ஸ் என்றால் இன்னும் கவனம் தேவை. உள்ளே தொங்கும் நூல் விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, குழந்தை காரணமில்லாமல் அழுவதுபோல் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கையுறையைத் திருப்பிப் போட்டு, தொங்கும் நூலையெல்லாம் கத்தரித்த பிறகே மாட்டவும்.

அளவு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "அம்மணி, குழந்தைக்கு எத்தன மாசமாச்சுங்க?" என்று கேட்டுத்தான் கடையில் எடுத்துப் போடுவார்கள். மாசத்தைச் சொல்லாதீர்கள், நீளத்தைச் சொல்லுங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் துணியில் 56, 62, 68, 74, 80 என்று இருக்கும். அது தலை முதல் குதிகால் வரை குழந்தையின் நீளம், சென்டிமீட்டரில். பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும் குழந்தை ஒரு வயதில் 75ஐ ஒட்டி வரும். அதில் 10 சென்டிமீட்டருக்கு மேல் முதல் மூன்று மாதத்திலேயே வளர்ந்துவிடும். ஆகவே 56இல் ஆறு பீஸ் போதும், 62இல் எட்டு, 68இலும் 74இலும் பத்துப் பத்து. பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சின்ன சைஸையே வாங்கி வருவார்கள் என்பதால், 56ஐ நீங்கள் வாங்காமல் விட்டாலும் குறை வராது.

அமெரிக்க நைட் சூட் ஒரு தனிக் கதை. 9 மாதத்துக்கு மேற்பட்ட அளவில் குழந்தைகள் தூங்கும்போது போடும் துணி, ஒன்று எளிதில் தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும், அல்லது உடம்போடு ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பருத்தி நைட் சூட்டெல்லாம் இரண்டாவது வகை. அதனால் 12 மாதம் என்று போட்ட பீஸைப் பார்த்தால் தைத்தவர் தப்பாக வெட்டிவிட்டாரோ என்று தோன்றும். நம் ஊர் வெயிலுக்கு ஒட்டிய துணி சரிப்படாது. ஒரு சைஸ் கூட்டி எடுங்கள்.

சைஸோடு, அதைப் போடப்போகும் பருவத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தையில் பிறந்த குழந்தை 74ஐப் போடும்போது ஆடி முதல் ஐப்பசிவரை இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும் உடுமலை, பல்லடம் பக்கத்துக்கு அப்போது முழுக்கை, முழுக்கால் இன்டர்லாக் (சற்றுத் தடித்த பின்னல் துணி) தேவை. ஆடியில் பிறந்த குழந்தைக்கு அதே 74 தை முதல் சித்திரைவரை. ஈரோடு, கரூர் வெயிலில் கையில்லாத ஜப்லாவைத் தவிர வேறெதுவும் வேண்டாம். உள்ளே பஞ்சு வைத்த ஐரோப்பியக் குளிர்கால ஜாக்கெட் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே என்று அள்ளிவிடாதீர்கள். ஊட்டிக்குப் போகும் ஒரே ஒரு நாளுக்கு மட்டுமே அது உதவும்.

துணி வகை: வெயில் காலத்துக்கு 140 முதல் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) உள்ள சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணி, காற்றுக்கும் மார்கழிக்கும் 180 முதல் 220 வரை உள்ள இன்டர்லாக். கழுத்துப் பட்டிக்கு ரிப் (வரிவரியாக இழுபடும் பின்னல்) இருந்தால் இழுத்துவிட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பும். சிங்கிள் ஜெர்சியிலேயே கழுத்தும் வைத்திருந்தால் பத்துச் சலவையில் தோள் வழியாக இறங்கிவிடும். காம்பாக்டிங் (பிறகு சுருங்காதிருக்க மில்லிலேயே துணியை அமுக்கிவிடுவது) சரியாகச் செய்யாத துணி 8 சதவீதம்வரை சுருங்கும். 40 சென்டிமீட்டர் உடம்பு நீளத்தில் அது 3 சென்டிமீட்டருக்கு மேல். கவட்டையில் ஸ்னாப் பட்டன் போடும் பாடிசூட்டில் அந்த 3 சென்டிமீட்டர்தான் ஒரு மாத ஆயுள்.

"பக்கா காட்டன்ங்க" என்பதைச் சோதிக்க, துணியின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி பேப்பர் வாசத்தோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாகும். தையல் நூலை உருவி எரிக்கக் கூடாது. நல்ல பருத்தித் துணியையும் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலில்தான் தைப்பார்கள். தண்ணீர் சொட்டு வைத்துப் பார்க்கும் சோதனையும் புதுத் துணியில் ஏமாற்றும்: மென்மைக்காகப் போட்ட சிலிக்கான் பூச்சு தண்ணீரை உருட்டிவிடும். ஒரு சலவைக்குப் பிறகு பார்த்தால்தான் உண்மை தெரியும். கருநீலம், அடர்சிவப்பு என்றால் சாயம் போகிறதா என்று ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பாருங்கள். நாலாம் மாதத்திலிருந்து குழந்தை கைப்பட்டியைச் சப்பிக்கொண்டேதான் இருக்கும்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அன்றாடம் நடப்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். தொப்புள்கொடி விழும்வரை முன்பக்கம் திறக்கும் ஜப்லா. இடுப்பில் எலாஸ்டிக் வேண்டாம். பிசிஜி ஊசி இடது தோளில் போடுவார்கள். சில வாரம் கழித்து அங்கே கொப்புளம் வரும்போது அக்குள் அகலமான, கையில்லாத துணி இருந்தால் உரசாது. 6, 10, 14 வார ஊசிகள் பெரும்பாலும் தொடையில். அன்றைக்குக் கவட்டையில் திறக்கிற துணி போட்டுக்கொண்டு போனால் முழுக்க அவிழ்க்க வேண்டியதில்லை. தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும் கழுத்து வைத்த பாடிசூட் அழகுக்கு அல்ல: குழந்தை முதுகுவரை ஆய் போய்விட்டால் தலைவழியாகக் கழற்றாமல், தோளை விரித்துக் கால்வழியாக உருவிவிடலாம். இது தெரியாமல் தலைவழியாக இழுத்து முடியெல்லாம் பூசிக்கொள்ளும் வீடுகள் ஏராளம்.

ஸ்னாப் பட்டனை ஒவ்வொன்றாகப் பூட்டித் திறந்து பார்க்கவும். மெல்லிய துணியில் பட்டி வைக்காமல் நேராக அடித்திருந்தால் பட்டன் துணியோடு பிய்ந்து வரும். வந்தால் நேராக வாய்க்குத்தான். பாசி, மணி, ஒட்டிய கல், கழுத்தில் கயிறு எதுவும் வேண்டாம். கழுத்திலும் தொப்பியிலும் இழுகயிறு வைத்த சின்னக் குழந்தைத் துணியை ஐரோப்பிய வாங்குபவர் ஏற்பதில்லை. கயிறு இருந்தால் அது அநேகமாக உள்ளூர்ச் சரக்கு. நெஞ்சில் ரப்பர் மாதிரி ஒட்டும் பெரிய பிரிண்டும் ஆகாது, அந்த இடம் வேர்த்துக் கொட்டும். தடவினால் துணியாகவே தெரியும் பிரிண்ட் நல்லது. பாதம் மூடிய பைஜாமா, பிடித்து நிற்க ஆரம்பிக்கும்வரைதான். டைல்ஸ் தரையில் வழுக்கும். பாதத்தை வெட்டி மடித்துத் தைத்துவிட்டால் இன்னும் இரண்டு மாதம் ஓடும்.

கோமணத் துணிக்கு மட்டும் காதர்பேட்டையை நம்ப வேண்டாம். நிட் துணி காய நேரமாகும். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மெல்லிய நெய்த பருத்தி மீட்டர் கணக்கில் வாங்கி முக்கால் மீட்டர்ச் சதுரமாக வெட்டி ஓரம் அடித்துக்கொள்ளலாம். டயபர் போடாத வீட்டுக்கு 30 எண்ணம் வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் பத்தாது.

வாங்கி வந்ததை அப்படியே போடக் கூடாது. எண்ணெய்க் கறை எடுக்க அடித்த ஸ்ப்ரே, மடிப்பு நிற்கப் போட்ட பசை எல்லாம் துணியில் இருக்கும். இரண்டு சலவை கட்டாயம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு சரியாகப் போகாமல் துணி அட்டைமாதிரி ஆகும். கடைசி அலசலை மட்டுமாவது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் அலசுங்கள். கம்ஃபர்ட் மாதிரி திரவங்கள் கோமணத்தின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். பெரிய சைஸை எடுத்து வைக்கும்போது பீரோவில் பாச்சை உருண்டை போடாதீர்கள். ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு நாப்தலீன் வாசமேறிய துணியால் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும். உறவில் இருந்து வந்த பழைய துணிக்கும் இதே எச்சரிக்கைதான்.

குறைகளும் உண்டு. வாங்கியதை மாற்றித் தருவது கடைக்குக் கடை மாறும், பெரும்பாலும் கிடையாது. போட்டுப் பார்க்க வழியில்லை. இன்று பார்த்த டிசைன் அடுத்த வாரம் இருக்காது. சந்துகள் குறுகல், மூட்டை தூக்குகிறவர்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் கைக்குழந்தையோடு நுழைவது வேண்டாத வேலை. குழந்தையை வீட்டில் அம்மாவிடமோ அப்பத்தாவிடமோ விட்டுவிட்டு, தலை முதல் குதிகால்வரை அளந்த நீளத்தை எழுதிக்கொண்டு, ஒரு டேப்பும் ஈரக் கைக்குட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் வேண்டாம். மொத்த வியாபாரிகளைக் கவனிக்கவே அவர்களுக்கு நேரம் போதாது, ஒற்றைப் பீஸ் கேட்பவரை நின்று பார்க்க மாட்டார்கள்.

பெயர் சூட்டவும் காதுகுத்துக்கும் பட்டுப்பாவாடை, நெட் ஃபிராக் தேடுகிறவர்கள் இங்கே அலைய வேண்டாம். அதற்கு வேறு கடைகள் இருக்கின்றன.