நகரிச் சாயப்பட்டறையில் ஒளிவினையூக்கி: மூன்றாண்டு அனுபவம்

ஆந்திர எல்லையில், நகரிக்கு அருகே, விசைத்தறிக்காரர்களுக்குச் சிட்ட நூல் சாயமிட்டுக் கொடுக்கும் சிறிய பட்டறை எங்களுடையது. கழிவுநீரின் நிறத்தைப் போக்க, ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளைப் பயன்படுத்தத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இத்தூளின் மீது புறஊதாக் கதிர் பட்டால் அதன் பரப்பில் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் (எதனோடும் சட்டென வினைபுரியும் துகள்கள்) உருவாகிச் சாய மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. 1972இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் இதே பொருளைக் கொண்டு ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டினார்கள் என்பதை விற்க வந்தவர் பெருமையாகச் சொன்னார். இத்தூளின் அனடேஸ் என்ற படிக வகை ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்தில்தான் வேலை செய்யும் என்பதையும், வெயிலில் அந்தப் பங்கு 5 சதவீதம் அளவே என்பதையும் நாங்களாகத்தான் தெரிந்துகொண்டோம். சித்திரையில் ஒரே பகலில் வெளுத்த தண்ணீர், ஐப்பசி மழையில் மூன்று நாளாகியும் வெளுக்கவில்லை.

முதலாண்டில் தூளை நேரே தொட்டியில் கலக்கினோம். நிறம் வேகமாகப் போனது. ஆனால் பால்போல் ஆன தண்ணீரிலிருந்து தூளைப் பிரிப்பது பெரும்பாடாகிவிட்டது. புட்டியில் பிடித்து வைத்தால் மறுநாள் காலையிலும் வெண்மை முழுதாக அடியில் இறங்கியிருக்காது. வடிதுணியோ அரை மணியில் அடைத்துக்கொள்ளும். இரண்டாமாண்டு, தூள் பூசிய கண்ணாடித் தகடுகளைக் கூரைமேல் சரிவாக வைத்து, அவற்றின்மீது தண்ணீரை மெல்லிய படலமாக ஓடவிட்டோம். நிறம் போக நேரம் கூடினாலும் தூளைப் பிடிக்கும் வேலை ஒழிந்தது.

பெரிய தவறு வேறிடத்தில் நடந்தது. சாயத்தொட்டித் தண்ணீரை அப்படியே தகட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் ரியாக்டிவ் சாயம் நூலில் பிடிக்க நாம் போடும் சோடாவின் கார்பனேட், சாயத்தை உடைக்க வேண்டிய தனியுறுப்புகளைத் தானே தின்றுவிடுகிறது. சாயத்தொட்டியில் போடும் உப்பின் குளோரைடும் அவ்வாறே. இப்போது முதலில் அமிலமிட்டுக் காரத்தைத் தணித்து, படிகாரத்தால் கசடை இறக்கி, தெளிந்ததை மட்டும் மேலே ஏற்றுகிறோம்.

நிறம் போன முதல் நாள் மேஸ்திரி புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பன்னீர் மாதிரி ஆயிடுச்சிங்க" என்றார். ஆய்வகத்தில் கொடுத்தபோது சி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) அதிகம் இறங்கியிருக்கவில்லை. சாய மூலக்கூறில் நிறந்தரும் அசோ பிணைப்பு (இரு நைட்ரஜன் அணுக்களின் இணைப்பு) முதலில் அறுந்துவிடுகிறது. மிஞ்சும் நிறமற்ற துண்டுகள் சிதைய மேலும் பல மணி நேரம் வேண்டும். அவற்றுள் சில அரோமேட்டிக் அமீன்கள் என்ற நச்சுப் பொருள்களாகவும் இருக்கலாம் என்பதால், தெளிந்த தண்ணீரைக் கால்வாயில் விடும் எண்ணத்தை அன்றே கைவிட்டோம்.

கரைந்த உப்பை இம்முறை தொடுவதே இல்லை. அதற்கு ஆர்.ஓ. (சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் கருவி) தனியாக வேண்டும், அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் யாரும் தகடு வாங்க வேண்டாம்.