முப்பதாயிரம் கூட, மெமரி அதே 8 ஜிபி: 4070 லேப்டாப்போடு இரண்டு வருடம்

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, 5060 வாங்கவா, 5070 வாங்கவா? கடையில ரெண்டுக்கும் முப்பதாயிரம் வித்தியாசம் சொல்றாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னாரு அப்பா." கேம் ஆடுகிற லேப்டாப்பில் வரும் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளின் எண்கள் இவை. ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. 2023 தீபாவளிக்கு முன்னால் இதே கேள்வியோடு ஒரு வாரம் தூங்காமல் புரண்டவன் நான். அன்று 4060 போட்ட மாடல் 1,15,000 ரூபாய். அதே உடம்பு, அதே திரை, அதே பிராசசர், கார்டு மட்டும் 4070 என்றால் 1,45,000. நான் கூடுதல் விலைப் பக்கம் சாய்ந்தேன்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் ஃபேன் மாற்றி, சிப்பின் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டு வாங்கி வந்தேன். அவனுக்காக யோசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அன்று என்னைச் சாய்த்தது ஒரே ஒரு கணக்கு. 4060 லேப்டாப் கார்டில் கூடா கோர், அதாவது படத்தைக் கணக்கிடுகிற சின்னச் சின்ன அலகுகள், 3072. 4070-ல் 4608. சரியாக ஒன்றரை மடங்கு. விலையில் கூடுவது கால் பங்கு, வேகத்தில் கிடைப்பது அரைப் பங்கு என்று மனதுக்குள் ஒரு தராசு வைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டத்தில் இருந்ததைக் கண் பார்த்தது, மனசு வாங்கவில்லை. இரண்டிலும் கார்டின் சொந்த மெமரி 8 ஜிபி, அதிலிருந்து தரவு வரும் பாதையும் இரண்டுக்கும் 128 பிட் அகலம். மேசைக் கணினிக்கு இதே 4070 என்ற பெயரில் விற்ற கார்டில் 12 ஜிபியும் 192 பிட்டும் இருந்தன. அது வேறு சிப், இது வேறு சிப், பெயர் மட்டும் ஒன்று. அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு அதே சின்னச் சட்டியைக் கையில் கொடுத்த கதைதான். தீ நன்றாகத்தான் எரிகிறது. சமைக்கிற அளவு சட்டியைப் பொறுத்ததாயிற்றே.

முதல் ஒரு வருடம் எனக்குக் குறையே தெரியவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2560-க்கு 1600 திரையில் சைபர்பங்க் 2077 விளையாட்டை ரே டிரேசிங் வெளிச்சங்களோடு (ஒளியையும் பிரதிபலிப்பையும் நிஜம்போல் கணக்கிடுகிற வசதி) முதல் முறை ஓட்டியபோது, பத்து வருடம் பழைய டெல் லேப்டாப்பில் எல்லாவற்றையும் 'லோ'வில் வைத்து ஆடியவனுக்கு எப்படி இருந்திருக்கும்! மழை பெய்த தெருவில் விளக்குகள் தண்ணீரில் அசைவதைப் பார்க்கவே நடந்துகொண்டிருப்பேன், சண்டைக்குப் போக மாட்டேன்.

கூட வேலை பார்க்கும் நண்பர் என் பேச்சைக் கேட்டு அதே மாடலை 4060-ல் வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இரண்டிலும் ஒரே டிரைவர், ஒரே செட்டிங், டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிற வசதி) 'குவாலிட்டி', ரே டிரேசிங் கிடையாது. சைபர்பங்க்கில் உள்ள சோதனை ஓட்டத்தை மூன்று மூன்று முறை ஓட்டி எழுதிக்கொண்டோம். அவருக்குச் சராசரி நொடிக்கு 74 ஃபிரேம், அதாவது 74 படம். எனக்கு 86. பன்னிரண்டு ஃபிரேம். என் மனசுக்குள் வைத்திருந்த ஒன்றரை மடங்கு அந்த மேசையிலேயே செத்தது.

ஏன் என்று பிறகுதான் தோண்டினேன். இரண்டு கார்டுக்கும் கிடைக்கிற மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டியில் 140 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஆடும்போது என் திரையோர எண்ணில் 105-ஐத் தாண்டி நான் பார்த்ததே இல்லை, அவருடையதும் 100-ஐ ஒட்டித்தான் நின்றது. மெமரி வேகமும் இரண்டுக்கும் நொடிக்கு 256 ஜிபி. ஆக, கோர் கூடினாலும் அவற்றுக்குப் போடுகிற தீனி கூடவில்லை. லேப்டாப்பில் கார்டின் பெயரைவிட வாட் முக்கியம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே 4070-ஐ 35 வாட்டிலும் வைக்கலாம், 115 வாட்டிலும் வைக்கலாம், கூட 25 வாட் தற்காலிக ஊக்கமும் கொடுக்கலாம். மெல்லிய உடம்பில் அடைத்த 4070, தடித்த உடம்பில் உள்ள 4060-இடம் தோற்கும். பெயர் ஸ்டிக்கரில் இதெல்லாம் இருக்காது.

பன்னிரண்டு ஃபிரேமை நான் மன்னித்திருப்பேன். எனக்கு ஆறாத கோபம் மெமரி மீதுதான்.

2024 டிசம்பரில் இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு வந்தது. அதை ஆடக் குறைந்தபட்சத் தேவையே 8 ஜிபி கார்டு என்று அறிவித்திருந்தார்கள். ஒரு வருடம் முன்பு 1,45,000 கொடுத்து வாங்கிய பொருள், வாசற்படியில் நிற்கிறது! அதில் 'டெக்ஸ்சர் பூல்' என்று ஒரு செட்டிங் உண்டு, பொருள்களின் மேற்பரப்புப் படங்களுக்கு எவ்வளவு மெமரி ஒதுக்குவது என்பதற்கு. ஒரு படி மேலே ஏற்றினால் போதும், 80-ல் ஓடிக்கொண்டிருந்த படம் 15-க்கு விழுந்து, இழுத்து இழுத்து நகரும். கார்டு உழைக்கவே இல்லை. வெப்பம் குறைகிறது, வாட் குறைகிறது, ஃபேன்கூட அடங்குகிறது. கார்டின் மெமரி நிரம்பியதும் மிச்சத்தை லேப்டாப்பின் ரேமில் கொண்டுபோய் வைக்கிறது. 256 ஜிபி வேகத்தில் வர வேண்டியது, நொடிக்கு 16 ஜிபி மட்டுமே போகிற சந்து வழியாக வந்து சேர வேண்டும். 4608 கோரும் அந்தச் சந்து முனையில் கைகட்டி நிற்கின்றன. அந்த நேரத்தில் நண்பரின் 4060-உம் அதே 15-தான். முப்பதாயிரத்துக்கு அங்கே ஒரு ஃபிரேம் மதிப்புக்கூட இல்லை.

இதில் இன்னொரு வேதனை. ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது இரண்டு ஃபிரேமுக்கு நடுவே கார்டே ஒன்றைச் செய்து செருகுகிற வசதி, 40 வரிசையின் பெரிய சிறப்பு என்றார்கள். அந்த வசதிக்கும் தனியாக மெமரி வேண்டும். நெருக்கடி நேரத்தில் உதவிக்குக் கூப்பிட்டால், அதுவும் வந்து அதே சட்டியில்தான் கை வைக்கிறது.

இவ்வளவு திட்டிவிட்டு நியாயத்தையும் சொல்லாவிட்டால் தப்பு. இந்த 4070 எனக்கு ஒன்று கொடுத்திருக்கிறது, நான் கேட்காமலே.

எங்கள் வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு படுக்கையறை. நான் ஆடுவது ராத்திரி பத்து மணிக்கு மேல், பாப்பா தூங்கிய பிறகு. கதவுக்கு அந்தப் பக்கம் எட்டடி தூரத்தில் அவள் படுத்திருப்பாள். முழு வேகத்தில் விட்டால் ஃபேன், விசில் வரப்போகிற குக்கர் மாதிரி சீறும். இரண்டாம் வாரமே பாப்பா எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். அன்றிலிருந்து 60 ஃபிரேமுக்குமேல் போகக்கூடாது என்று பூட்டிவிட்டு, சைலன்ட் மோடில்தான் ஆடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசியில் இதையும் சோதித்தோம். 60-ல் பூட்டினால் அவருடைய கார்டு 70 வாட் இழுக்கிறது; என்னுடையது 58. எண்ணில் பார்த்தால் அற்பம். காதில் அது மலை. அவர் லேப்டாப்பின் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. என்னுடையதற்கு மேலே சீலிங் ஃபேனின் டக் டக் கேட்டது.

இதுவும் கணக்குத்தான். நிறையக் கோர் இருந்தால் ஒவ்வொன்றும் மெதுவாக ஓடினால் போதும். மெதுவாக ஓடினால் வோல்டேஜ் குறையும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் மின்செலவு அதைவிட வேகமாகக் குறையும். எட்டுப் பேர் தூக்குகிற சுமையைப் பன்னிரண்டு பேர் தூக்கினால் யாருக்கும் மூச்சு வாங்காது. கூடுதல் கோரால் எனக்குக் கிடைத்தது வேகம் இல்லை, அமைதி. இந்த இரண்டு வருடத்தில் நான் நிம்மதியாக ஆடிய ராத்திரிகளுக்கு அதுதான் காரணம். எந்தக் கடைக்காரரும் இப்படி விற்கவில்லை.

அந்த அமைதி போன செப்டம்பரில் கெட்டது. இடது பக்க ஃபேன் கிர்ர்ரென்று உரச ஆரம்பித்தது. கார்டின் சூடு 87 டிகிரி வரை ஏறியது, சைலன்ட் மோடிலேயே. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டு ஃபேனோடு, சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க் முழுதையும் மாற்றித்தான் தருவோம், 13,500 ஆகும் என்றார்கள். ஒரு ஃபேன் மட்டும் தர மாட்டார்களாம். எனக்கு அங்கேயே ரத்தம் கொதித்தது. திரும்பி டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு எடுத்துப் போனேன்.

அந்த அண்ணன் என்னை எதிரில் உட்கார வைத்துத்தான் திறந்தார். அடி மூடியின் திருகுகளைக் கழற்றி, ஒரு காந்தத் தட்டில் கழற்றிய வரிசைப்படியே வைத்தார். ஃபேனைத் தூக்கியதும் பின்னால் செம்புத் தகடுகள் தெரியவே இல்லை. தூசியும் துணிநூலும் பாப்பாவின் தலைமுடியும் சேர்ந்து, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துண்டு. இடுக்கியால் பிடித்து இழுத்தார். முழுசாக, ஒரே பட்டையாகக் கையோடு வந்தது. "கார்டு நல்லாத்தான் இருக்கு சார். மூச்சு விட வழியில்ல, அவ்வளவுதான்" என்றார். சிப்பின் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து, ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. ஃபேன் வர ஒன்பது நாள் ஆனது. எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். இப்போது அதே ஆட்டத்தில் 71 டிகிரி.

கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் ஆடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: வருடத்துக்கு ஒரு முறை திறந்து துடைக்காவிட்டால் 4070-உம் 4060-தான். கரண்ட் போகும் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. பேட்டரியில் ஓட்டினால் இந்தக் கார்டு பாதிகூட உழைக்காது. இன்வெர்ட்டரில் செருகினால் ஆடும்போது 200 வாட்டுக்குமேல் இழுக்கும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு லேப்டாப்புக்காக மூன்று ஃபேன் ஓடுகிற கணக்கு. கரண்ட் போனால் நான் மூடி வைத்துவிடுவேன்.

சரி, மாப்பிள்ளைக்கு என்ன சொன்னேன்? முதலில் எரிச்சல்தான் வந்தது. 2025-லும் அதே ஆட்டம் என்பதால். அவனுக்குக் காட்டுகிற 5060-க்கு 3328 கோர், 5070-க்கு 4608. மெமரி வேகமானது, ஜிடிடிஆர் 7, ஒத்துக்கொள்கிறேன். அளவு? இரண்டிலும் 8 ஜிபி. 12 ஜிபி வேண்டுமென்றால் 5070 டிஐ-க்குப் போக வேண்டும், அது அவன் அப்பாவின் கைக்கு எட்டாத விலை. நான் பட்ட அதே இடத்தில் அவனும் பட வேண்டுமா?

"5070 வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டேன். 5060 எடு. ரேமை 32 ஜிபி ஆக்கு, ஒரு டிபி எஸ்எஸ்டி கூடப் போடு, நல்ல திரை உள்ள மாடலாகப் பார், மிச்சத்தை அப்பாவிடமே கொடு. எந்தக் கார்டானாலும் பெட்டியில் போட்டிருக்கும் பெயரை நம்பாதே. ஷோரூமில் ஓடுகிற லேப்டாப்பில் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறக்கச் சொல், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் 'மேக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்' எத்தனை வாட் என்று படித்துவிட்டு விலை பேசு.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஹாஸ்டல்ல ரூமுக்கு மூணு பேரு மாமா. ராத்திரிதான் ஆட முடியும். சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். அங்கேதான் நான் தடுமாறினேன். என்னுடையதை மாற்றி 4060 தருகிறேன், முப்பதாயிரத்தையும் திருப்பித் தருகிறேன் என்று இன்று யாராவது சொன்னால் நான் கொடுக்க மாட்டேன். கோபம் இருக்கிறது, அது போகாது. ஆனாலும் கொடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை இருவருமாகக் கடைக்குப் போகிறோம். என் லேப்டாப்பையும் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். 5060, 5070 இரண்டையும் 60 ஃபிரேமில் பூட்டி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடையின் ஏசியையும் பாட்டையும் ஒரு ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அவனும் தன் காதால் கேட்கட்டும்.