வில்லுப்பாட்டு டிவிடியை மாற்றப் போய் 4,350 ரூபாய் போனது: நீங்களாவது உஷாராக இருங்கள்

4,350 ரூபாய். எழுத்திலும் போட்டுவிடுகிறேன்: நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. இதில் 2,850 ரூபாயை விழுங்கியது டிவிடியைக் கோப்பாக மாற்றும் மென்பொருளை விற்கிற ஓர் இணையதளம். மீதி 1,500 ரூபாய் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பாறசாலையில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனது. இரண்டு இடத்திலும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டிவிடியில் இருக்கிற படமும் சத்தமும் செல்போனில் ஓட வேண்டும். படம் ஓடுகிறது. சத்தம் இல்லை.

பெயரைப் போட்டு எழுத வேண்டாம் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். சரி, பெயர் வேண்டாம். ஆனால் எப்படி வலை விரிக்கிறார்கள், அதில் விழாமல் என்ன செய்ய வேண்டும் என்று இந்தப் பதிவில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்குக் களியக்காவிளைப் பக்கம். என் தாய்மாமா வில்லிசைப் புலவர். கோவில் கொடைத் திருவிழா மாதங்களில் வீடு தங்க மாட்டார். இன்றைக்கு ஓர் இசக்கியம்மன் கோவில், நாளைக்கு ஒரு முத்தாரம்மன் கோவில் என்று போய்க்கொண்டே இருப்பார். 2007-இல் அம்மாவின் ஊர்க் கோவில் கொடையில் அவர் பாடியதை மார்த்தாண்டத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் முழுதாகப் படம் பிடித்து மூன்று டிவிடிகளாகக் கொடுத்தார். மாமா இப்போது இல்லை. அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அந்த மூன்று வட்டுகள் மட்டும்தான். நினைவு நாள் வருகிறது, சார்ஜாவில் இருக்கும் மாமா மகனும் கேட்டான், அத்தைக்கும் ஒரு தடவை கேட்க வேண்டும். வீட்டு டிவிடி பிளேயர் எப்போதோ கெட்டுப்போய்விட்டது. இப்போது வரும் மடிக்கணினிகளில் வட்டு போடும் இடமே கிடையாது என்பதால், யூஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்றை வாங்கினேன். அது நல்ல பொருள், அதைப் பற்றிக் குறை இல்லை.

கல்யாண வீடியோவில் சத்தம் போனால்கூட யார் வந்தார்கள், என்ன உடுத்தினார்கள் என்று பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வில்லுப்பாட்டில் சத்தம் போனால் என்ன மிஞ்சும்? வீசுகோல் நாணின் மேல் விழுகிறது, வில்லில் கட்டிய மணிகள் குலுங்குகின்றன, ஒன்றும் கேட்கவில்லை. குடக்காரர் பத்தி என்கிற அடிமட்டையை ஓங்கிக் குடத்தின் வாயில் அடிக்கிறார். மாமா கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறக்கிறார், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமாம்’ போட்டுத் தலையாட்டுகிறார். ஊமைப் படம்! இதைப் பார்க்கவா 4,350 ரூபாய் கொடுத்தேன்?

அந்த இணையதளத்தை நம்பியது எப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தந்திரமே அங்கேதான் இருக்கிறது. இலவசப் பதிப்பை இறக்கினேன். அதில் கோப்பைச் சேமிக்க முடியாது, முன்னோட்டம் மட்டும் பார்க்கலாம். வட்டைப் போட்டதும் திரையின் வலது பக்கம் ஒரு சிறு பெட்டியில் படம் ஓடியது. முதலில் உடுக்கைச் சத்தம், பிறகு குடம், பிறகு மாமாவின் குரல். காப்புப் பாடலைத் தொடங்குகிறார். அத்தையை உடனே போனில் அழைத்து, போனை மடிக்கணினிக்குப் பக்கத்தில் பிடித்தேன். “மக்களே, அவர்தான், அவரேதான்” என்று அழுதார். அந்த நிமிஷத்தில் எவன்தான் காசு கொடுக்க மாட்டான்?

அதற்கென்றே ஒரு கடிகாரத்தையும் வைத்திருந்தார்கள். ‘70 சதவீதத் தள்ளுபடி, இன்னும் 14 நிமிஷம்தான்’ என்று நொடி நொடியாகக் குறைந்துகொண்டு வந்தது. வாழ்நாள் உரிமம், 2,850 ரூபாய், பிடிக்காவிட்டால் 30 நாளில் பணம் திரும்ப. கார்டு எண்ணைக் கொடுத்தேன், பணம் போனது. மறுநாள் அதே பக்கத்தைத் திறந்தால் அதே கடிகாரம் மறுபடியும் 14 நிமிஷத்திலிருந்து ஓடுகிறது. ரசீதைத் திறந்து பார்த்தால் வாழ்நாள் அல்ல, ஒரு வருட உரிமம் என்று போட்டிருக்கிறது. வாழ்நாள் யாருடைய வாழ்நாளோ!

மூன்று வட்டுகளையும் மாற்றி முடிக்க ராத்திரி ஆகிவிட்டது. கோப்புகளைப் போனில் போட்டேன். சத்தம் இல்லை. டிவியில் பென் டிரைவைச் செருகினேன். சத்தம் இல்லை. மடிக்கணினியோடு வந்த பிளேயரிலும் இல்லை. ஆனால் அவர்களுடைய முன்னோட்டப் பெட்டியில் மட்டும் மாமா கணீரென்று பாடிக்கொண்டிருக்கிறார்!

இணையதளத்தில் ‘24 மணி நேர உதவி’ என்று ஓர் அரட்டைப் பெட்டி இருக்கிறது. அங்கே எழுதினேன். ஸ்பீக்கர் ஒலி குறைவாக இருக்கிறதா பாருங்கள் என்று முதல் பதில். கணினியை அணைத்துப் போடுங்கள் என்று அடுத்தது. அதன் பிறகு, உங்கள் வட்டு கீறல் விழுந்ததாக இருக்கலாம் என்றார்கள். கீறல் விழுந்த வட்டு உங்கள் முன்னோட்டத்தில் மட்டும் எப்படிப் பாடுகிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. வேறொருவர் வந்து, வணக்கம் சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கச் சொன்னார். விளக்கினேன். ‘ஒலித் தொகுப்பு’ என்று தனியாக ஒன்றை விற்கிறார்களாம், அதை வாங்கினால் சரியாகிவிடுமாம். சத்தத்துக்குத் தனி விலையா? டீக்கு ஒரு காசு, சர்க்கரைக்கு ஒரு காசு கேட்கிற கதைதான். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன். உரிமச் சாவியைப் பயன்படுத்திவிட்டதால் 30 நாள் உறுதி பொருந்தாது என்று கையை விரித்துவிட்டார்கள். சாவியைப் பயன்படுத்தாமல் மென்பொருள் வேலை செய்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? போனது போனதுதான், 2,850.

அடுத்தது பாறசாலைக் கடை. கடைக்காரர் மலையாளியா தமிழரா என்று கேட்காதீர்கள். எங்கள் பகுதியில் எல்லோரும் இரண்டு பாஷையிலும்தான் வியாபாரம் செய்கிறோம். ஏமாற்றவும் இரண்டும் உதவும். “சாரே, இது ஒரு விஷயமே இல்லை, வட்டை வைத்துவிட்டுப் போங்கள்” என்றார். 1,500 ரூபாய் முன்பணம். பில் கேட்டதற்கு, ஒரு துண்டுக் காகிதத்தில் ‘டிவிடி 3’ என்று கிறுக்கிக் கொடுத்தார்.

சொன்ன நாளில் போனால் கடை பூட்டியிருந்தது. அடுத்த முறை, பையன் வரவில்லை என்றார். அதற்கடுத்து, ஸ்டுடியோக்காரன் அன்றைக்கே மைக் போடாமல் விட்டிருப்பான், வட்டில் சத்தமே பதிவாகவில்லை என்று வாய் கூசாமல் சொன்னார். நான் மடிக்கணினியைக் கடையிலேயே திறந்து முன்னோட்டத்தைப் போட்டுக் காட்டினேன். கடையில் நின்ற நாலு பேரும் கேட்டார்கள். “அப்படியென்றால் செய்துவிடலாம் சாரே” என்றார்.

செய்தும் கொடுத்தார். பென் டிரைவை வீட்டில் அத்தை, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க டிவியில் போட்டேன். சத்தம் வந்தது. மாமா வாயைத் திறக்கிறார், ஒரு பெண் குரல் கீபோர்டு இசையோடு அம்மன் பக்திப் பாட்டுப் பாடுகிறது! கோவில் ஒலிபெருக்கிகளில் போடுகிற ஏதோ ஒரு பாட்டை எடுத்து, மூன்று வட்டுக்கும் அடியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார். மாமா கதை சொல்கிற இடத்திலும் அதே பாட்டு. மாமா தண்ணீர் குடிக்கிற இடத்திலும் அதே பாட்டு. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

கடைக்குப் போய்க் கத்தினேன். “சத்தம் வேண்டும் என்றுதானே கேட்டீர்கள்? அம்மன் கோவில்தானே, அம்மன் பாட்டுதானே போட்டிருக்கிறேன்” என்றார் கடைக்காரர். இதற்கு 1,500 ரூபாய். ஆக மொத்தம் 4,350.

கடைசியில் சரி செய்து கொடுத்தது பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக் படிக்கிற பெண். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தாள், ஒரு பைசா செலவில்லை. வட்டை விஎல்சி என்ற இலவச பிளேயரில் போட்டு, படமும் ஒலியும் எந்த வடிவில் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும் ‘கோடெக் தகவல்’ பக்கத்தைத் திறந்தாள். முதல் வட்டின் ஒலி ஏசி-3 என்று காட்டியது. டால்பி டிஜிட்டல் என்று சொல்வது இதைத்தான். மற்ற இரண்டிலும் எல்பிசிஎம். அது சுருக்காத ஒலி. ஒரு மணி நேரத்துக்கே ஏறத்தாழ 690 எம்பி பிடிக்கும். டிவிடியில் இரண்டுக்கும் இடம் உண்டு, ஸ்டுடியோக்காரர் மேல் தப்பில்லை. நான் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், ஒலியை மாற்றாமல் ‘அப்படியே நகலெடு’ என்று தானாகவே வைத்திருக்கிறது. முதல் வட்டின் கோப்பில் ஏசி-3 அப்படியே போய் உட்கார்ந்துகொண்டது. நிறையப் போன்களிலும் சில டிவிகளிலும் அதைப் பிரித்துப் பாடவைக்கும் வசதி கிடையாது. அதாவது முதல் கோப்பில் மாமாவின் குரல் இருந்திருக்கிறது! விஎல்சியில் போட்டால் கேட்கிறது. இதை ஒரே வரியில் சொல்ல அந்த 24 மணி நேர உதவிக்காரர்களுக்கு மனம் வரவில்லை, ஒலித் தொகுப்பை வாங்கு என்றார்கள். மற்ற இரண்டு வட்டுகளிலும் எல்பிசிஎம் ஒலியை எம்பி4 கோப்பில் எழுதத் தெரியாமல், ஒரு பிழைச் செய்திகூடக் காட்டாமல் ஒலியையே விட்டுவிட்டு ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று பச்சை டிக் போட்டிருக்கிறது.

முன்னோட்டத்தில் மட்டும் ஏன் கேட்டது என்றால், அது நேராக வட்டிலிருந்து ஓடுவது. மாற்றி வரப்போகிற கோப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைக் காட்டித்தான் 2,850 ரூபாயை வாங்கினார்கள்.

அந்தப் பெண் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளை இறக்கினாள். இலவசம், திறந்த மூல மென்பொருள். ஒலிப் பக்கத்தில் ‘பாஸ்த்ரு’ (அதாவது அப்படியே நகலெடு) என்று இருப்பதை விட்டுவிட்டு, போன்களில் ஓடுகிற ஒலி வடிவமான ஏஏசி என்று தேர்ந்தெடுத்தாள். எங்களுடையது வீட்டு வட்டு, நகல் தடுப்புப் பூட்டு எதுவும் இல்லை என்பதால் தடையில்லாமல் போனது. முதல் இரண்டு வட்டுகளும் முழுதாக, சத்தத்தோடு போனில் வந்துவிட்டன.

மூன்றாவது வட்டு கடைசிக்கு முன் நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் பிறை மாதிரி வளைந்து ஒரு கீறல். கடைக்குக் கொடுக்கும்போது இல்லாத கீறல், ஏனென்றால் நான் அதற்கு முன்பே அதை முழுதாக மாற்றி வைத்திருந்தேனே, ஊமையாக. டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளியோரம் நோக்கி எழுதப்படுவது. வட்டு நிறைய எழுதியிருந்தால் ஓரத்தில் விழும் கீறல் கடைசிப் பகுதியைத்தான் தின்னும். கடைசிப் பகுதி என்றால் வாழி பாடுவது. மாமா ஊரையும் கோவிலையும் கேட்டவர்களையும் வாழ்த்திப் பாடி வில்லை இறக்குகிற இடம். அந்தப் பகுதிக்கு இப்போது படம் இருக்கிறது, குரல் இல்லை. 4,350 ரூபாய் திரும்பி வந்தாலும் இது வராது.

வங்கியில் இணையதளத்தின் மேல் புகார்ப் படிவம் கொடுத்திருக்கிறேன், நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்திருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். வயிற்றெரிச்சலில் கை ஓடவில்லை, தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முன்னோட்டத்தை நம்பிக் காசு கட்டாதீர்கள், சேமித்த கோப்பு உங்கள் போனில் ஓடுகிறதா என்று பார்க்கவிடாத மென்பொருளே வேண்டாம். சத்தம் வராவிட்டால் முதலில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள். அங்கே கேட்டால் கோப்பில் ஒலி இருக்கிறது என்று அர்த்தம். கார்டு கொடுத்திருந்தால் வங்கிச் செயலியில் தானாகப் பணம் பிடிக்கும் அனுமதி ஏதாவது பதிவாகியிருக்கிறதா பார்த்து ரத்து செய்யுங்கள், அடுத்த வருடமும் பிடிப்பார்கள். பில் தராத கடையில் வட்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பளபளப்பான பக்கத்தைக் கடைக்காரர் கண் முன்னாலேயே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற சனிக்கிழமை அந்தத் துண்டுக் காகிதத்தோடு மறுபடியும் பாறசாலைக்குப் போகிறேன். அங்கே இதே மாதிரி வட்டு கொடுத்துப் பக்திப் பாட்டு வாங்கி வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போய்க் கேட்போம்.